மேற்குப் பக்கத்துப் புல்

காளிமுத்துவைப் பற்றிச் சொல்ல வந்தால் அவருடைய சகலை கந்தசாமியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். இது தெரிந்தால் காளிமுத்துவுக்குக் கோபம் வரும். என் கதையிலும் அவன் வந்து உட்கார்ந்துகொண்டானா என்று கேட்பார். என்ன செய்வது, மனுஷனுடைய பாதி வாழ்க்கை அவனைப் பார்த்து வயிறெரிந்தே கழிந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் மிச்சம் ஒரு பக்கம்கூடத் தேறாது.

காளிமுத்து பிறந்தது லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதின்மூன்று வயதில் புல் வெட்டும் கும்பலில் சேர்ந்தார். கூலியாட்களை மேய்க்கிற அந்தத் தோட்டத்து மண்டோர் பொல்லாதவர். மரத்தடியில் ஒரு பச்சைத் துணுக்கு கண்ணில் பட்டால் போதும், அரை நாள் கூலி போய்விடும். அப்படி வளர்ந்த காளிமுத்துவுக்குப் புல் என்றாலே எதிரி. தரையோடு தரையாகச் சிரைத்துவிட்டால்தான் அவருக்கு மூச்சு வரும். அடுத்த வீட்டு வாசலில் புல் முளைத்திருந்தால்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் பேசுவார்.

எண்பத்திரண்டில் தோட்டத்தை விட்டு வந்து, மலாக்கா நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு சின்ன விமானத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய விமானம் எதுவும் அங்கே வராது. பைலட் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை சின்ன விமானங்களில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். வடக்கிலிருந்து தெற்காக ஒரே ஓடுதளம். அதற்குக் கிழக்குப் பக்கம் ஒரு புல்வெளி, மேற்குப் பக்கம் ஒரு புல்வெளி. கிழக்கு காளிமுத்துவுடையது. வாரம் தவறாமல் டிராக்டர் ஓட்டி, சவரக் கத்தியால் மழித்ததுபோல் வைத்திருப்பார்.

மேற்கு கந்தசாமியுடையது. அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே காளிமுத்துதான். அவர் மனைவி மீனம்மாவின் தங்கை கமலவேணியைக் கட்டியவன். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், இடுப்பு வலி என்று வேலையை விட்டுவிட்டு மாமனார் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். மீனம்மா நச்சரித்தாள். காளிமுத்து மேனேஜரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்று கேட்டார். வேலை கிடைத்தது. அந்த நாளை நினைத்து அவர் தன்னையே திட்டிக்கொள்ளாத வாரம் கிடையாது.

ஏனென்றால் கந்தசாமி வேலை செய்வதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, மனசு வந்தால் இரண்டு தடவை டிராக்டரைக் கிளப்புவான். அதிலும் கத்தியை உயரத்தில் வைத்து, மேலாக்க நுனியை மட்டும் கிள்ளிவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று வாதுமை மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவான். அவன் பக்கத்தில் எப்போதும் அரையடிப் புல். மேனேஜர் திட்டினால் பல்லைக் காட்டிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் மேனேஜரும் சிரித்துவிடுவார். காளிமுத்து ஒருநாள்கூடத் திட்டு வாங்கியதில்லை. ஆனால் அவரோடு யாரும் சிரித்ததும் இல்லை.

அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது கந்தசாமியின் வீட்டு விலாசத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. கோயில் திருவிழாவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பரிசுச் சீட்டு வாங்கினார்கள். மிக்ஸி அவனுக்கு விழுந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் பரீட்சை எழுதினார்கள். அவன் மகள் ஷாந்தினி ஐந்து ஏ வாங்கினாள், இவர் மகள் தாரணி மூன்று. காளிமுத்து இன்னும் பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, கந்தசாமி செகண்ட் ஹேண்ட் புரோட்டோன் கார் வாங்கிவிட்டான். மழை நாளில், "அண்ணே, ஏறுங்கண்ணே, நனையாதீங்க" என்று பக்கத்தில் வந்து நிறுத்துவான். காளிமுத்து ஏற மாட்டார். நனைந்துகொண்டே போய், மூன்று நாள் காய்ச்சலில் படுப்பார். அந்தக் காய்ச்சலுக்கும் கந்தசாமிதான் காரணம் என்று மீனம்மாவிடம் சொல்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நிம்மதியாக இருந்தார். புல் வெட்டும் ஆட்களுக்கு மண்டோராக இருந்த சின்னத்தம்பி தொண்ணூற்றாறு டிசம்பரோடு ஓய்வு பெறப்போகிறார். அடுத்த மண்டோர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. மேனேஜரே ஒரு தடவை, "அடுத்தது நீதான் காளி" என்று மலாயில் சொல்லித் தோளில் தட்டியிருந்தார். கந்தசாமி தன்னிடம் வந்து லீவு கேட்டு நிற்கிற காட்சியைக் காளிமுத்து மனசுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். ஒரு தடவைகூட அவர் லீவு கொடுக்கவில்லை.

அந்த வருஷம் நவம்பரில்தான் ஃபாஹிமா வந்தாள். மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் மஜீது பாயின் மகள். கோலாலம்பூரில் விமானத் துறை சம்பந்தமான ஒரு அலுவலகத்தில் வேலை. இருபத்தேழு வயதிருக்கும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், கழுத்தில் தூரத்தைக் கிட்டக் காட்டுகிற கண்ணாடி. இரண்டு வாரம் தங்கிப் பார்க்கப் போகிறேன் என்றாள். கேண்டீனில் ஆட்களை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அங்கிள், இத்தன நாளா விமானம் பத்திரமா எறங்குனா போதும்னு ரூல் போட்டு வச்சிருந்தாங்க. இப்ப புதுசா எழுதுறோம். மண்ணு, தண்ணி, காத்து, பறவ எல்லாத்தையும் அதே ரூலுக்குள்ளயே கொண்டு வரணும். தனியா ஒரு பேப்பர் எழுதி அலமாரில பூட்டி வைக்கிற கத வேணாம்லா. எவ்ளோ டீசல் ஊத்துறீங்க, எவ்ளோ மருந்து அடிக்கிறீங்க, வருஷத்துக்கு எத்தன தடவ புல்லக் கொளுத்துறீங்க, எனக்கு எல்லாம் வேணும். பெரிய ஏர்போர்ட்டுக்குக் காசு இருக்கு, மெசின் வாங்கிக்குவாங்க. உங்கள மாதிரி சின்ன எடத்துக்குக் காசு செலவு இல்லாம என்ன செய்யலாம்னுதான் நான் பாக்க வந்தேன்."

காளிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்ணைப் பற்றிக் கேட்க ஒரு படித்த பெண் வந்திருக்கிறாள். தன் பக்கத்தைப் பார்த்தால் அசந்துவிடுவாள் என்று நினைத்தார்.

ஃபாஹிமா தினமும் காலை ஏழரைக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் ஓடுதளத்தின் ஓரமாக நடந்து பறவைகளை எண்ணினாள். கிழக்கில் மைனா, கொக்கு, சிட்டு என்று ஐம்பது, அறுபது. மேற்கில் நாலு, ஐந்து. காளிமுத்து பூரித்துப்போனார். "நம்ம பக்கம் எப்பவும் கல்யாண வீடு மாதிரிதான் மிஸ். சுத்தமா இருக்குற எடத்துலதானே அதுங்க வந்து ஒக்காரும்" என்றார். ஃபாஹிமா அதையும் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜரையும் சகலைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினாள். விமானத்துக்குப் பெரிய ஆபத்து பறவைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவனின் விமானக் கண்ணாடியில் மைனா மோதி அது விரிசல் விட்டது எல்லோருக்கும் தெரியும். ஒட்ட வெட்டிய புல்லில் புழுவும் வெட்டுக்கிளியும் பளிச்சென்று தெரியும், பறவை கூட்டமாக வந்து மேயும். அரையடிப் புல்லில் இரையும் தெரியாது, பூனையோ பாம்போ வந்தாலும் தெரியாது. அதனால் இறங்கப் பயப்படும். சுடவும் வேண்டாம், பட்டாசு போடவும் வேண்டாம். டீசல் மூன்றில் ஒரு பங்கு போதும், மருந்தே வேண்டாம்.

"மேக்குப் பக்கம் இருக்குற மாதிரியே இருந்தா போதும்" என்று முடித்தாள். "கந்தசாமி அங்கிள், நீங்க எத்தன வருஷமா இப்படி வச்சிருக்கீங்க?"

"ஆரம்பத்துலேருந்தே மிஸ்" என்றான் கந்தசாமி, ஏதோ தவம் இருந்தவன் மாதிரி. "எனக்கென்னமோ புல்ல ரொம்ப வெட்டுனா மனசு கேக்காது."

காளிமுத்துவுக்கு உச்சந்தலையில் தீ வைத்ததுபோல் இருந்தது. பதினான்கு வருஷம் வெயிலில் காய்ந்து இவர் செய்ததெல்லாம் பறவைக்குச் சோறு போட்ட கணக்கு. வாதுமை மரத்தடியில் படுத்துக் கிடந்தவன் விமானத்தைக் காப்பாற்றியவன். சோம்பேறித்தனத்துக்கு யாராவது சர்டிபிகேட் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அவர் அன்றைக்குப் பார்த்தார். போதாததற்கு மேனேஜர் கந்தசாமியின் முதுகில் தட்டி, திங்கட்கிழமை கடைசிக் கணக்கும் இப்படியே வந்தால் புதிய முறையைத் தெரிந்தவனைத்தான் மண்டோராகப் போட வேண்டியிருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து மீனம்மாவிடம் கொட்டினார்.

"சரி, அவரு மண்டோரானா என்னங்க? யாரு, நம்ம கமலா புருஷந்தானே? ஊரான் வர்றதுக்கு அவரு வந்தா தேவல."

"நான் கெஞ்சிக் கூட்டாந்தவன்டி அவன்! அவன் கையக் கட்டிக்கிட்டு நிப்பான், நான் அவன்கிட்டப் போயி லீவு கேக்கணுமா?"

"நீங்கதான் லீவே எடுக்க மாட்டீங்களே" என்றாள் மீனம்மா. அவள் சொன்னது உண்மைதான். அதனால் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

சனிக்கிழமை முழுக்க யோசித்தார். பெரிய சதி எதுவும் அவர் மூளைக்கு எட்டவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே வேலை. திங்கட்கிழமை காலை எண்ணும்போது மேற்கில் நிறையப் பறவை இருக்க வேண்டும். அவ்வளவுதானே?

ஞாயிற்றுக்கிழமை பைலட் பள்ளிக்கு விடுமுறை, ஓடுதளத்தில் ஈ காக்காய் கிடையாது. டவுனுக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்று மீனம்மாவிடம் சொல்லிவிட்டு வேட்டியோடு கிளம்பினார். மேனேஜர் சொன்னார் என்று வாசல் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் சாவி வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறி, கத்தியை ஏற்றி இறக்கும் பிடியைக் கடைசிப் பல் வரைக்கும் தாழ்த்தி, கந்தசாமியின் பக்கத்தில் இறக்கினார். காற்றின் திசையைக் காட்டுகிற காற்றுப்பை கட்டியிருக்கும் கம்பத்திலிருந்து தெற்கு மூலை வரைக்கும் ஒட்ட மழித்தார். இத்தனை வருஷம் தூரத்தில் நின்று பார்த்துப் பல்லைக் கடித்த புல். முதல் அரை மணி நேரம் வெறியோடு ஓட்டினார். அப்புறம் வெறி போய்விட்டது, வேலை பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை இறங்கிப்போய்க் குனிந்து, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஓர் இடத்தில் லேசாக வளைந்திருந்தது, திரும்ப ஓட்டிச் சரி பண்ணினார். சகலையின் குடியைக் கெடுக்க வந்தவர் அவன் நிலத்துக்கு அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தார். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவர் நினைத்தது அப்படியே நடந்தது. மேற்குப் பக்கம் மைனாவும் கொக்கும் பந்தி பரிமாறியது மாதிரி வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. ஃபாஹிமா கண்ணாடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். எண்பத்தொன்று. மேனேஜர் வாயைத் திறந்தபடி நின்றார். வழக்கம்போலத் தாமதமாக வந்த கந்தசாமியின் முகம் வெளிறிவிட்டது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் காளிமுத்து இத்தனை வருஷம் உயிரோடு இருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

ஒட்ட வெட்டியிருந்த புல் அப்போதுதான் ஃபாஹிமாவின் கண்ணில் பட்டது. மேனேஜர் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"துவான், இத நானே செஞ்சு பாக்கணும்னு நெனச்சேன், கேக்கத்தான் தயக்கமா இருந்துச்சு. இத்தன நாளு கெழக்கையும் மேக்கையும் பாத்துச் சொன்னப்ப, மண்ணு வேற, ஈரம் வேறன்னு யாராச்சும் தர்க்கம் பண்ணலாம். இப்ப ஒரே மண்ணு, ஒரே வெயிலு, வெட்டுனது மட்டுந்தான் வித்தியாசம். அஞ்சு பறவ இருந்த எடத்துல எண்பத்தொன்னு! இனி ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது." தமிழில் சொன்னதையே மலாயிலும் சொன்னாள்.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "சியாப்பா போத்தோங்?" என்று கேட்டார். யார் வெட்டியது?

கந்தசாமி ஒரு நொடிதான் யோசித்தான். அதிர்ஷ்டம் வாசலில் வந்து நிற்கும்போது யார் அனுப்பியது என்று விசாரிக்கிற ஆள் அவன் இல்லை. "நாந்தான் துவான்" என்றான். "நேத்து வந்து வெட்டுனேன். மிஸ்ஸுக்கு ஒதவுமேன்னு."

காளிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். மண்டோர் வேலை போனாலும் மானமாவது மிஞ்சும். பேசாமல் நிற்பதுதான் புத்தி. நின்றிருப்பார், ஃபாஹிமா மட்டும் இன்னொரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால்.

அவள் குனிந்து தெற்கு மூலை வரைக்கும் பார்வையை ஓட்டினாள். "நூல் புடிச்ச மாதிரி இருக்கு. இவ்ளோ நேரா நான் எங்கயும் பாத்ததில்ல. உங்க கை கைதான் அங்கிள்" என்றாள் கந்தசாமியைப் பார்த்து.

"அது என் கோடு!"

காளிமுத்து கத்தியதில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. "இவனா வெட்டுனான்? இவனுக்கு நேரா நடக்கவே வராது மிஸ்! ஏழே முக்காலுக்குத் தொடங்கி பன்னண்டு மணிக்கு முடிச்சேன். பன்னண்டு லிட்டர் டீசல். காத்துப்பைக்குத் தெக்கால எட்டாவது கோடு வளஞ்சுச்சு, ரெண்டாந்தடவ ஓட்டுனேன். கேளுங்க இவன்கிட்ட, கத்தி எந்தப் பல்லுல இருந்துச்சுன்னு கேளுங்க!"

கந்தசாமி தரையைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம, அவரு பக்கத்துல, நீங்க எதுக்கு அங்கிள் வெட்டுனீங்க?" என்று கேட்டாள் ஃபாஹிமா.

பொய் சொல்ல நேரமிருந்தது. ஆனால் அவருக்கு அலுத்துவிட்டது. "இவனுக்கு மண்டோர் வேல கெடைக்கக் கூடாதுன்னு வெட்டுனேன். பொறாமதான் மிஸ். வேற என்ன?"

ஃபாஹிமா நோட்டைத் திறந்து, "பன்னண்டு லிட்டருன்னு சொன்னீங்களா?" என்று மெதுவாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

உத்தரவில்லாமல் டிராக்டர் எடுத்ததற்குக் காளிமுத்துவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜனவரி முதல் கந்தசாமி மண்டோரானான். பொய் சொன்னவனுக்கா என்று நீங்கள் கேட்கலாம். காளிமுத்துவும் கேட்டார், மீனம்மாவிடம் மட்டும். மேனேஜர் கணக்கில், பொய் சொன்னவன் கெடுதல் எதுவும் செய்யவில்லை. உண்மை சொன்னவன் செய்திருந்தான்.

மண்டோர் போட்ட முதல் உத்தரவு, "அண்ணே, இனிமே கெழக்க வெட்டாதீங்க. வளரட்டும்." வேறு எந்தத் தண்டனையும் அவருக்கு இந்த அளவுக்கு வலித்திருக்காது. தினமும் டிராக்டர் கொட்டகையில் நின்றுகொண்டு, தன் நிலத்தில் புல் ஏறுவதைப் பார்த்தார். கை அரித்தது. மூன்று மாதத்தில் அரையடி வளர்ந்தது. கொக்குகள் போய்விட்டன, மைனாக்கள் போய்விட்டன. அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று அவருக்கே தெரிந்தது. கந்தசாமி செய்தது சரி என்று மட்டும் அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. லீவும் ஒருநாள் கேட்கவில்லை.

தொண்ணூற்றேழு ஜூலையில் ஃபாஹிமா திரும்ப வந்தாள். புதிய விதிகளின் அச்சான வரைவு அவள் கையில் இருந்தது. தடித்த புத்தகம். ஓடுதளத்தின் நீளம், விளக்கு, தீயணைப்பு என்று போகிற அத்தியாயங்களுக்கு நடுவிலேயே புல்லின் உயரம், டீசல் அளவு, கொளுத்தத் தடை எல்லாம் வந்திருந்தன. கேண்டீன் மேஜையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, இந்தத் தளத்தில் நடந்த சோதனை என்று காட்டினாள். நாள், நேரம், பன்னிரண்டு லிட்டர், எண்பத்தொன்று. கீழே, வெட்டியவர் என்ற இடத்தில் ஒரு பெயர்.

கந்தசாமிக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத் தெரியும். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினான். கா, ளி, மு... விரல் நின்றது. பக்கத்தைத் திருப்பினான். முன்னால் போனான், பின்னால் வந்தான்.

"என் பேரு எங்க மிஸ்?"

"மேற்குப் புல்வெளின்னு போட்டிருக்கேன் அங்கிள். அது உங்க எடந்தானே" என்றாள் அவள். மேனேஜர் கூப்பிடவே எழுந்து போனாள்.

சகலைகள் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். கந்தசாமி சிரிக்கவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. காளிமுத்து அதை உற்றுப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அது.

"மண்டோர் நான்" என்றான் கந்தசாமி. "நெலம் என்னோடது. பதினோரு வருஷம் நான் வளத்த புல்லு. அரநாளு வந்து வெட்டிட்டுப் போயி, அரசாங்கப் புத்தகத்துல பேர வாங்கிட்டீங்க. எப்படிண்ணே வாங்குனீங்க?"

காளிமுத்து தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தார். வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கொண்டாடத் தோன்றவில்லை, பாவமாகத்தான் இருந்தது. அதில் அவருக்கே எரிச்சல்.

"ஒன்னப் பாத்து வயிறெரிஞ்சுதான்டா வாங்குனேன்" என்றார்.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். கந்தசாமி சிரிக்கவில்லை. அந்தப் பெயர்மேல் வைத்த விரலை அவன் இன்னும் எடுக்கவில்லை.